திஸ்கியிலும் பாமினியிலும் இருக்கும் பழைய கணினி வரலாற்று நூல்: மறுபதிப்பை எங்கிருந்து தொடங்குவது?

சிற்றச்சு கேட்டது:

வணக்கம். 1999இல் ஒரே பதிப்போடு நின்றுபோன தமிழ் நூல் ஒன்றை மறுபடி அச்சுக்குக் கொண்டுவர வேண்டும். கணினிக்குள் தமிழ் நுழைந்த வரலாறுதான் பொருள். தட்டச்சுப்பொறி விசைப்பலகையில் தொடங்கி, ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலம், திஸ்கி குறியேற்றம் (எழுத்துக்கு எண் தரும் முறை), அந்த ஆண்டு தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்கள், தமிழ்99 விசைப்பலகை வரை போகிறது.

ஆசிரியர் இப்போது இல்லை. மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம்மதம். பழைய பதிப்பகம் மூடியாகிவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் குடும்பத்திடம் இல்லை.

கையில் அச்சுப் பிரதி ஒன்றே ஒன்று: டெமி அளவு, 264 பக்கம், முதுகு விட்டுப்போய் இருக்கிறது. கூடவே ஒரு சிடி. அதில் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 6.5இன் கோப்புகள், டிஃப் படங்கள், எழுத்துருக்கள். பெரும்பாலான இயல்கள் திஸ்கி, இரண்டு மட்டும் பாமினி என்ற பழைய எழுத்துரு. இடையிடையே சி மொழி நிரல்கள். குறியேற்ற அட்டவணை 9.

சிடியில் உள்ளதை யுனிகோடுக்கு மாற்றி அப்படியே அச்சுக்கு அனுப்பலாமா? உரிமை விஷயத்தில் என்னென்ன தாள் தேவை? 300 பிரதி போடுவதாக எண்ணம்.

ஷரத்து எழுதியது:

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதது உங்களுக்கு நல்லதுதான். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19(1)ன்படி எழுதிக் கையெழுத்திடாத உரிமை மாற்றம் செல்லாது. நாளைக்கு யாராவது பழைய தாளோடு வந்தாலும், அதில் கால அளவு குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் 19(5) எடுத்துக்கொள்ளும். 1999 தாள் 2004இலேயே முடிந்தது. கால அளவை வெளிப்படையாக எழுதி, அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் வழக்கறிஞரிடம் போங்கள்.

வாரிசுகள் மூவர் என்கிறீர்கள். ஆசிரியர் இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணுக்குத் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மறுபதிப்புகளில் விட்டுப்போகிற கையெழுத்து பெரும்பாலும் அந்த அம்மாவுடையது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை கையெழுத்தும் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம்.

உரிமையை எழுதி வாங்காமல், காலவரையோடு உரிமமாக வாங்குங்கள். குடும்பமும் தயங்காது. அதில் மூன்று இடம் கவனம். எல்லை குறிக்காவிட்டால் 19(6)ன்படி இந்தியா மட்டும்தான். இந்த நூலைக் கேட்பவர்களில் பாதிப்பேர் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, கனடாவில் இருப்பார்கள், ஆகவே 'உலகம் முழுவதும்' என்று எழுதுங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறியுங்கள். மூன்றாவது, கையெழுத்தான ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் 19(4)ன்படி அது தானே போய்விடும். எழுத்துரு மாற்றுகிற வேலை ஓராண்டைச் சாப்பிடக்கூடியது, ஆகவே 'இரண்டு ஆண்டு' என்று ஒப்பந்தத்திலேயே மாற்றிவிடுங்கள். இந்த 19ஆம் பிரிவு உரிமத்துக்கும் பொருந்தும் என்று 30அ சொல்கிறது.

ஒரு இயலாவது முதலில் பத்திரிகையில் வந்ததா? ஆசிரியர் அந்தப் பத்திரிகையின் ஊழியராக இருந்து எழுதியிருந்தால் கணக்கு வேறு. வெளியிலிருந்து எழுதிக் கொடுத்திருந்தால் தொல்லை இல்லை.

படங்களின் உரிமை நூலின் உரிமையோடு சேர்ந்து வராது. அட்டை ஓவியம், நிழற்படம், பழைய விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமையாளர். ஆள் கிடைக்காத படத்துக்கு 31அ வழியாக நீதிமன்றம் போகலாம்தான், ஆனால் ஒரு படத்துக்காக அந்த அலைச்சல் வேண்டாம், படத்தை மாற்றிவிடுங்கள். எனியாக் போன்ற பழைய கணினிகளுக்கு அமெரிக்கத் தரைப்படை எடுத்த படங்கள் இருக்கின்றன. அந்நாட்டு அரசு ஊழியர் பணியில் எடுத்தவை என்பதால் அங்கே அவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது.

மெய்ப்புள்ளி எழுதியது:

சிடியை மாற்றி அப்படியே அனுப்பலாமா என்றால், கூடாது. அந்தச் சிடியில் இருப்பது அச்சான நூல் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் காலத்துச் சிறு பதிப்பகங்களில் லேசர் பிரிண்டரில் ட்ரேசிங் தாளில் எடுத்து, அதை வைத்துத்தான் அச்சுத் தகடு (பிளேட்) போடுவார்கள். கடைசி நேரத் திருத்தங்களைத் தனியே அச்செடுத்து, பிளேடால் நறுக்கி ட்ரேசிங்கின் மேல் ஒட்டிவிடுவார்கள். கோப்பில் அவை ஏறியே இருக்காது. ஆகவே மூலம் அச்சுப் பிரதிதான்; கோப்பு தட்டச்சு வேலையை மிச்சப்படுத்தும், அவ்வளவே.

முதலில் சிடியை ஒரே மூச்சில் படிம நகலாக எடுத்துவிடுங்கள். பழைய சிடியில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து திறந்து பார்த்தால் டிரைவ் தடுமாறும். கெட்ட பகுதியைத் தாண்டிப் படிக்க டிடிரெஸ்க்யூ நிரல் போதும்.

பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையான கோப்புகளை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் சிஎஸ்6 பதிப்பு வரை திறக்கும். அதற்குப் பின்வந்த சிசி பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். திறப்பதற்கு முன் சிடியில் உள்ள எழுத்துருக்களை நிறுவுங்கள், இல்லாவிட்டால் எந்தத் துண்டு எந்த எழுத்துரு என்பதே குழம்பும். திறந்ததும் ஐடிஎம்எல் ஆகச் சேமியுங்கள். அது ஒரு ஜிப், உள்ளே எக்ஸ்எம்எல். ஒவ்வொரு எழுத்துத் துண்டின் மேலும் அதன் எழுத்துருப் பெயர் இருக்கும். மாற்றும் வேலையை இந்தத் துண்டு அளவில் செய்யுங்கள், கோப்பு அளவில் வேண்டாம்.

காரணம் பாமினி. அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்த எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசை தட்டினால் திரையில் 'தமிழ்' வரும்: ஜே 'த', கே 'ம', பி இகரக் குறி, ஓ 'ழ', அரைப்புள்ளி மெய்ப்புள்ளி. இப்போது அந்த இயலில் உள்ள சி நிரலை நினைத்துப் பாருங்கள். முழுக் கோப்பையும் மாற்றியில் (பழைய எழுத்தை யுனிகோடாக்கும் மென்பொருளில்) போட்டால் நிரல் முழுக்கத் தமிழ் உளறலாகும், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அரைப்புள்ளிக்குப் பதில் ஒரு புள்ளி தொங்கும். நிரலுக்கான கூரியர் எழுத்துரு உள்ள துண்டைத் தொடாமல் விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

திஸ்கியில் ஆங்கிலம் தன் இடத்தில் இருக்கும், ஆகவே இந்த ஆபத்து இல்லை. அங்கே வேறு பள்ளம். இன்டிசைன் அந்த எழுத்துகளை விண்டோஸ் 1252 (ஆங்கிலம் முதலிய மேற்கத்திய மொழிகளின் குறியேற்றம்) என்று எண்ணி யுனிகோடாக்கி வைத்திருக்கும். அதைத் திரும்ப 1252 பைட்டுகளாக்கிய பிறகே மாற்ற வேண்டும். 1252இல் ஐந்து இடம் காலி (129, 141, 143, 144, 157). அங்கே இருந்த எழுத்து தொலையலாம். தமிழ் எண்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன, நூலில் அவை வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள். பைட்டுகள் கைக்கு வந்ததும் லினக்ஸில் ஐகான்வ் கட்டளை போதும். லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சியோடு வரும் ஐகான்வுக்குத் திஸ்கி தெரியும், கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளும் வேலையையும் அதுவே செய்துவிடும். பாமினிக்கு என்எச்எம் கன்வெர்ட்டர், அல்லது பைத்தானில் ஓபன்-தமிழ்.

அடுத்தது 'இ'. திஸ்கியில் இகரம் 173ஆம் இடத்தில் இருக்கிறது. லத்தீன் குறியேற்றத்தில் அதே இடம் கண்ணுக்குத் தெரியாத மென்கோடு. வழியில் ஏதாவதொரு மென்பொருள் அதை 'தேவையில்லாத கோடு' என்று தூக்கி எறிந்துவிடும். பிறகு 'இந்த' என்பது 'ந்த' ஆகும், 'இல்லை' என்பது 'ல்லை' ஆகும்.

இதைப் பிடிக்க இலக்கணமே உதவும். தமிழ்ச் சொல் புள்ளி வைத்த மெய்யில் தொடங்காது. ண, ள, ழ, ற, ன ஆகியவற்றிலும் தொடங்காது. இப்படித் தொடங்கும் சொற்களைத் தேடுகிற ஒரு வரித் தேடல் எழுதுங்கள். தொலைந்த இகரம் மட்டுமல்ல, பேஜ்மேக்கரில் வரி முடிவில் கையால் உடைத்த சொற்களும் அகப்படும். அப்போது தமிழுக்கு ஹைஃபன் வசதி இல்லை. வரி சரியாக உட்காரவில்லை என்றால் 'தொழில்நு ட்பம்' என்று நடுவில் இடைவெளி விட்டு அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள். ர, ல, ட மூன்றையும் தேடலில் சேர்க்காதீர்கள், ரோம், லாஜிக், டிஸ்க் எல்லாம் வந்து நிற்கும். உங்கள் நூலில் ழகரம், றகரம், னகரம் என்ற சொற்களும் ஏராளமாக வரும், அவற்றை விலக்குப் பட்டியலில் போடுங்கள்.

தேடலில் சிக்காத ஒன்று: ஔகாரக் குறி. 'கௌரவம்', 'கெளரவம்' இரண்டும் தாளில் ஒன்றுபோல இருக்கும். பழைய தட்டச்சர் பலர் ஔகார நீட்டத்துக்கு ளகர விசையையே தட்டியிருப்பார்கள். யுனிகோடில் அது வேறு சொல், சொல்லடைவில் வேறு இடத்தில் போய் விழும். 'கெள', 'மெள', 'பெள', 'செள' என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரேயடியாக மாற்றினால் 'தெளிவு' தெருவில் நிற்கும்.

ஒளிவருடி எழுதியது:

இவ்வளவு சுற்று எதற்கு? 264 பக்கம்தானே. வருடி, ஓசிஆர் (படத்தை எழுத்தாகப் படிக்கும் மென்பொருள்) போட்டு, மெய்ப்புப் பார்த்துவிடலாம். முதுகு விட்டுப்போனதும் வசதிதான், தாளைத் தட்டையாக வைக்கலாம். உரைப் பக்கம் 400 டிபிஐ சாம்பல் நிறம், அட்டவணை 600. ஸ்கேன்டெய்லரில் சாய்வை நிமிர்த்தி டெசராக்ட் ஓட்டினால் வேலை முடிந்தது. கூகுள் டிரைவின் ஓசிஆர் தமிழுக்கு இன்னும் நன்றாகவே வருகிறது.

மெய்ப்புள்ளி எழுதியது:

ஓசிஆர் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பி அல்ல. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் குழம்பும், புள்ளியைத் தின்னும், ழகரத்தை 'மு' என்று படிக்கும். ஓசிஆர் பிழை அத்தனையும் உருவம் சார்ந்தது, மாற்றியின் பிழை குறியேற்றம் சார்ந்தது. இரண்டும் ஒரே சொல்லில் ஒரே மாதிரி தப்புவது அபூர்வம். ஆகவே இரண்டு உரையையும் எடுத்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகிற சொற்களை வேகமாகக் கடக்கலாம்; வேறுபடும் இடத்தில் மட்டும் அச்சுப் பிரதியைத் திறந்து பாருங்கள். ட்ரேசிங்கில் ஒட்டிய திருத்தங்கள் எல்லாம் இந்த ஒப்பீட்டில்தான் வெளியே வரும். சில இடத்தில் ஒரு பத்தியே மாறியிருக்கும்.

இருக்கும் ஒரே பிரதியை மேலும் பிரிக்காதீர்கள். கன்னிமாரா நூலகத்திலும் ரோஜா முத்தையா நூலகத்திலும் தேடிப் பாருங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பகம் நூல் அனுப்பியிருந்தால் கன்னிமாராவில் இருக்கும்.

பாரம்16 எழுதியது:

அச்சுக் கணக்கு. ஒரு பாரத்துக்கு 16 பக்கம், 264 பக்கம் என்பது பதினாறரைப் பாரம். புது முன்னுரையும் குறிப்புகளுமாக 8 பக்கம் சேர்த்தால் 272, சரியாக 17 பாரம். ஆனால் யுனிகோடு எழுத்துருவின் அகலம் வேறு, பக்க எண்ணிக்கை நிச்சயம் நகரும். ஆகவே சொல்லடைவைக் கடைசியில் புதிதாகச் செய்யுங்கள். பழைய பதிப்பின் பக்க எண்ணைச் சதுர அடைப்பில் ஓரத்தில் கொடுத்தால் ஏற்கெனவே மேற்கோள் காட்டியவர்களுக்கு உதவும்.

300 பிரதிக்கு டிஜிட்டல் அச்சு. பிளேட் செலவை 300இல் பிரித்தால் கட்டாது. உள்தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் இயற்கை நிற மேப்லித்தோ, அட்டை 300 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன். 80 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். 272 பக்கம் என்றால் 136 தாள், முதுகு ஏறக்குறைய 13.6 மி.மீ. இதை நம்பி அட்டை முடிக்காதீர்கள், அதே தாளில் வெற்று டம்மி ஒன்று கட்டித் தரச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். பர்ஃபெக்ட் பைண்டிங்கில் (முதுகில் பசையிட்டுக் கட்டுவதில்) உள்பக்கம் விரியாது. உள் ஓரம் 20 மி.மீ. விடுங்கள், அட்டவணைப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம்.

நிழற்படங்களை அச்சிலிருந்து வருடினால் பழைய புள்ளித்திரையும் புதிய திரையும் மோதி அலையலையாக வரும். சிடியில் உள்ள டிஃப்பை எடுங்கள். பேஜ்மேக்கர் கோப்புக்குள் தெரிவது பல நேரம் முன்னோட்டம் மட்டும்தான், இணைப்பு அறுந்திருந்தால் அச்சில் கட்டம் கட்டமாக வரும்.

பதிப்பகம் புதிது என்பதால் ஐஎஸ்பிஎன் புதிது வேண்டும், மின்னூலுக்குத் தனி. டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணமில்லாமல் தருகிறது. அச்சானதும் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி. மாற்றமில்லாத மறுபதிப்புக்கு விலக்கு உண்டு, உங்களுடையது மாறிய பதிப்பு, ஆகவே அனுப்ப வேண்டும்.

ஜனவரி புத்தகக் காட்சிக்கு வேண்டுமென்றால் நவம்பரில் கொடுங்கள். டிசம்பரில் கொடுத்தால் பசை காயுமுன் பெட்டியில் அடுக்குவார்கள்.

சிற்றச்சு கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஐயம். திஸ்கி உரையை எழுத்துரு இல்லாமல் திறந்தால் எப்படிக் குழம்பித் தெரியும் என்று ஒரு பக்கம் முழுக்க மாதிரி இருக்கிறது. மாற்றிப் பார்த்தால் அது அழகான தமிழாகிவிட்டது. இன்னொன்று, ஆசிரியர் எனியாக்கை 'உலகின் முதல் கணினி' என்கிறார், எல்லா இடத்திலும் 'கணிப்பொறி' என்றே எழுதுகிறார். திருத்தலாமா?

மெய்ப்புள்ளி எழுதியது:

அந்தப் பக்கம்தான் இந்த நூலின் சான்றுப்பொருள். மேலே தெளிவான தமிழும், கீழே 'இப்படிக் குழம்பித் தெரியும்' என்ற விளக்கமும் அச்சானால் நூலே சிரிப்பாகிவிடும். துண்டின் எழுத்துருப் பெயர் இங்கே உதவாது. மாதிரியும் திஸ்கி எழுத்துருவில்தான் இருக்கலாம். ஆகவே மாற்றுவதற்கு முன்பே அச்சுப் பிரதியைப் பார்த்துக்கொண்டு, மாதிரியாகக் காட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் 'காட்சி' என்று ஒரு தனி எழுத்துப் பாணி கொடுங்கள். அந்தப் பாணியுள்ள துண்டை மாற்றி மென்பொருள் தொடக்கூடாது. விட்டுப்போனதைப் பிடிக்க 'இப்படி', 'கீழ்க்கண்டவாறு', 'குழம்பி' என்ற சொற்களைத் தேடி அடுத்த வரியைப் பாருங்கள்.

9 அட்டவணைகளையும் மாற்றாதீர்கள். பழைய எழுத்துருவோடு பேஜ்மேக்கரிலிருந்தே பிடிஎஃப் எடுத்து, எழுத்துருவை உட்பொதித்து, படம்போல வையுங்கள். எழுத்துருவின் உரிமம் உட்பொதிக்க விடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தைக் கோட்டுருவாக்கி வைக்கலாம்தான், ஆனால் 8 புள்ளி அளவில் டிஜிட்டல் அச்சில் சற்றுத் தடித்து விழும், 'ன' எது 'ண' எது என்று தெரியாது.

உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எடுத்தால் உரிமத் தொல்லை இல்லை. இன்டிசைனில் பத்தி அமைப்பை வேர்ல்டு-ரெடி கம்போசருக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். மறந்தால் எகரக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கெ' பிளந்து தெரியும்.

திருத்தம் பற்றி: உள்ளுரையைத் தொடாதீர்கள். பிரிவு 57ன்படி படைப்பைச் சிதையாமல் காக்கும் ஆசிரியரின் சிறப்புரிமை வாரிசுகளுக்கும் உண்டு என்பது ஒருபுறம். 1999இல் ஒருவர் என்ன அறிந்திருந்தார் என்பதும் வரலாறுதான். 'கணிப்பொறி' அப்படியே இருக்கட்டும், சொல்லடைவில் மட்டும் 'கணினி: கணிப்பொறி பார்க்க' என்று ஒரு வரி. எனியாக் வரும் இடத்தில் அடிக்குறிப்பு, 'ப-ர்' என்று பதிப்பாசிரியர் அடையாளத்தோடு: எனியாக் 1946 பிப்ரவரியில் வெளியுலகுக்குக் காட்டப்பட்டது; பிரிட்டனின் கொலோசஸ் கணினி 1944லேயே இயங்கியது, 1970கள் வரை ரகசியமாக இருந்தது; 1973இல் அமெரிக்க நீதிமன்றம் எனியாக் காப்புரிமையை ரத்து செய்து அமெரிக்க இயற்பியலாளர் அடனசாஃபின் முன்பணியை ஏற்றது. இந்த அளவு போதும். விண்டோஸ் 2000 யுனிகோடு தமிழோடும் லதா எழுத்துருவோடும் வந்தது, 2010இல் தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்றது ஆகியவற்றை அடிக்குறிப்பில் திணிக்காமல் தனிப் பின்னுரையாக, எழுதியவர் பெயரோடு போடுங்கள்.

அச்சகத்துக்குப் போகுமுன் மூன்று பக்கத்தை மட்டும் அதே தாளில், அதே இயந்திரத்தில் எடுத்து வாருங்கள்: குழப்ப மாதிரிப் பக்கம், ஒரு அட்டவணை, பாமினி இயலில் நிரல் உள்ள ஒரு பக்கம். நிரலில் ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி அரைப்புள்ளியாகவே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.